கடலோடு போன குழந்தைக்கு ஒரு கல்

இதில் யார் பெயரும் வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தையின் பெயரைக் கல்லில் ஏறவிடாமல் தடுத்தவர்களின் பெயரை நான் எதற்கு அச்சில் ஏற்ற வேண்டும்? அந்தக் குழந்தையின் பெயரையும் எழுதமாட்டேன். அதன் தாய் கல்லில் கேட்டாள். காகிதத்தில் எழுதிவிட்டு, செய்தாயிற்று என்று கையைத் துடைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

நான் சேலத்து அம்மாபேட்டைக்காரி. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தொண்டை பெரிது. அதைத் திமிர் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அங்கேயே ஆசிரியை டிரெயினிங் முடித்து, இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய சமயத்தில் திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே ஒரு ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் என்னைப் போட்டார்கள். போய் இறங்கியபோது சுற்றிலும் புழுதிதான். கம்பும் நிலக்கடலையும் விளைகிற மேட்டாங்காடு. ஆனால் பள்ளிக்கூடம் மட்டும் ஓட்டுக்கூரையும் சுண்ணாம்புச் சுவருமாக நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் கல்கட்டுக் கிணறு. கோடையில் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் அதில் தண்ணீர் இருக்கும். ஊரே அங்கேதான் குடத்தோடு வந்து நிற்கும்.

தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தவளிடம், இதையெல்லாம் யார் கட்டியது என்று கேட்டேன்.

“கப்பக்காரி கட்டுனதுங்க” என்றாள். பக்கத்தில் நின்றவள் அவள் விலாவில் ஒரு இடி இடித்தாள். அவ்வளவுதான். “எனக்கென்னங்க தெரியும்? நான் வாக்கப்பட்டு வந்தவ” என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டாள்.

குடிக்கிற தண்ணீருக்கு மேலே நின்றுகொண்டு எனக்கென்ன தெரியும் என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ!

கப்பலேறிப் போய்த் திரும்பி வந்ததால் ஊர் வைத்த பெயர் கப்பல்காரி; அவளைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஊருக்கு வெளியே, நிலக்கடலை உடைக்கிற மிஷின் ஓடிய கொட்டகைக்குப் பக்கத்தில் அவள் வீடு. வயதாகியும் வளையாத முதுகு. தலையில் கட்டம் போட்ட துணியை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பாள். ஆம்பளை மாதிரி தலைக்கட்டு என்று ஊரில் சிரிப்பார்கள். நெசவுக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு அந்தக் கட்டம் நம் பக்கத்துக் கட்டம் என்று பார்த்ததுமே தெரிந்தது. கேட்டேன். கடலுக்கு அந்தப் பக்கமும் அந்தத் துணிதான் விற்கும், கரும்புக் காட்டில் பொம்பளைகள் எல்லோரும் வெயிலுக்கு அதைத்தான் கட்டுவார்கள் என்றாள். நம்மூர் ஆள் போய்ச் சேருவதற்கு முன்பே நம்மூர்த் துணி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது!

அடுத்த வருஷம் பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற ரேஞ்சு இன்ஸ்பெக்டர் வந்தார். பள்ளிக்கூடம் கட்டிப் பத்து வருஷம் ஆகப்போகிறது, ஒரு விழா எடுத்து, கட்டியவர்களைக் கௌரவித்து ஒரு கல் வைக்கலாம் என்றார். “சரித்திரத்தை விசாரித்து நீங்களே எழுதிக் கொடுங்களம்மா” என்று என் தலையில் கட்டினார். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் நான் வீடு வீடாகப் போனேன்.

அட கடவுளே, அந்த ஊரின் மறதி! அந்தம்மாவிடம் மிஷின் வேலை பார்த்தவன், அது மணியக்காரர் குடும்பம் கட்டியது என்றான். மழை பொய்த்த வருஷங்களில் அவள் கொட்டகையில் மத்தியானக் கஞ்சி குடித்து வளர்ந்தவன், “கஞ்சியா? எங்கீங்க?” என்றான். எந்த ஊருக்குப் போய்ச் சம்பாதித்தாள் என்று கேட்டால், “தாமரைக்குங்க” என்றார்கள். ஒருவர் விடாமல் அதையே சொன்னார்கள். தாமரை எங்கே இருக்கிறது என்று திருச்செங்கோட்டுத் தபால் ஆபீஸ் வரைக்கும் போய் விசாரித்தேன். தபால்காரர் மலையாளத்துப் பக்கம் இருக்கும் என்றார். கடைசியில் அவளிடமே கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

“தாமரை இல்ல அம்மிணி, டெமராரா. கரும்பு வெளையற சீமை. நான் வந்து எறங்குன அன்னிக்கு ஒருக்காச் சொன்னேன். அதுக்கப்பறம் இந்த ஊர்ல ஒருத்தரும் என்னைய ஒண்ணுங் கேக்கல.”

என்னிடம் சொன்னாள். மிஷின் நின்ற நேரங்களில், கடலைத்தோல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

மழையில்லாத ஒரு வருஷத்தில் புருஷன் செத்துப்போனான். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புருஷன் வீட்டில் விரட்ட, இந்த ஊருக்கு, அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் அப்போது மணியக்காரர். மாட்டுக் கொட்டகையில் படுக்க இடம் கொடுத்தான். பிறகு ஒருநாள் வாசலில் நிறுத்தி, “உனக்குக் கஞ்சி ஊத்தறேன். அந்தப் பொட்டப்புள்ளைய எங்காச்சும் உட்டுப்போட்டு வா” என்றான். அவள் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே நடந்துவிட்டாள். சேலம் சந்தையில், கடல் கடந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கிறவன் ஒருவன், உனக்கும் வேலை, குழந்தைக்கும் சோறு என்றான். குழந்தைக்கும் சோறு என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. அதனால் போனேன் என்றாள்.

கப்பலில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது.

“தண்ணி தண்ணின்னு கேட்டுது அம்மிணி. சுத்தியும் தண்ணிதான். குடிக்கிற தண்ணிய மட்டும் அளந்துதான் குடுத்தாங்க. போனதும் துணியில சுத்திக் கடல்ல போட்டுட்டாங்க. நான் அந்த எடத்தைப் பாத்து வெச்சுக்கலாம்னு பாத்தேன். கப்பலு நிக்கலையே!”

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒப்பந்தக் கூலியாகக் கரும்புக் காட்டில் களை வெட்டினாள். ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு மாடு வாங்கிப் பால் விற்றாள். மிளகாய், மல்லி வறுத்துப் பொடி பண்ணி, கரும்புத் தோட்டத்துச் சனங்களுக்குக் கூடையில் சுமந்துபோய் விற்றாள். தேங்காய் ஆட்டச் செக்குப் போட்டாள். கடைசியில் அந்தச் சீமையின் துறைமுகத்து ஊரில் அவளுக்குச் சொந்தமாகக் கடைகள் இருந்தன. எண்ணெயும் பொடியும் துணியும் விற்ற கடைகள். நம்ம பக்கத்துச் சனம் யார் புதிதாகக் கப்பலில் வந்து இறங்கினாலும் முதல் வேளைச் சோறு அவள் கடையில்தான். எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் திரும்பி வந்து, எந்த ஊர் வாசலில் நிறுத்தி விரட்டியதோ அதே ஊரில் மேட்டாங்காடு வாங்கி, மிஷின் வைத்து, கிணறு வெட்டினாள். பள்ளிக்கூடம் கட்டிப் போர்டுக்குக் கொடுத்தாள். சேர வருகிற பிள்ளைகளில் பொட்டப்புள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை.

இப்படி ஒருத்தி வேறு ஊரில் பிறந்திருந்தால் தேரில் வைத்து இழுத்திருப்பார்கள். இங்கே அவளைக் கடைக்கோடியில் வைத்துவிட்டு, அவள் வெட்டிய கிணற்றில் முகம் கழுவினார்கள்.

கல்லில் என்ன எழுதலாம் என்று கேட்டேன்.

“என்ற பேரு வேண்டாம் சாமி. புள்ளை பேரைப் போடு. அவ அம்மா உபயம்னு போட்டாப் போதும்.” மடியில் கிடந்த கடலைத்தோலைத் தட்டிவிட்டு, “செத்தவங்களுக்கு ஒரு கல்லு நட்டுத் தண்ணி ஊத்துவோமல்ல? அவளுக்குக் கல்லு நட எடமில்லாமப் போச்சு. கெணத்து மேட்டுல நின்னா, வாரவங்க போறவங்க ஒருக்காப் படிப்பாங்க. அது போதும்” என்றாள்.

இவ்வளவுதான் அவள் கேட்டது. மாலை கேட்டாளா? மரியாதை கேட்டாளா? ஒரு பெயர். வாழ்ந்ததே கொஞ்ச காலம், அந்தக் குழந்தையின் பெயர்.

சரித்திரத்தை ஒரு பக்கத்தில் எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “பிரமாதம், பிரமாதம்” என்றார். கல் விஷயத்தை மட்டும் ஊர்க் கமிட்டி பார்த்துக்கொள்ளட்டும் என்றார். கமிட்டிக்குத் தலைவர் மணியக்காரர். விரட்டியவன் செத்துப்போய், இப்போது அவன் மகன் அந்த நாற்காலியில் இருந்தார். கப்பல்காரி அவருக்குச் சொந்த அத்தை. அப்பாவுடன் பிறந்தவள். அவர் வாயில் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை.

கூப்பிட்டு அனுப்பினார். போனேன். என்னை நிற்க வைத்தே பேசினார்.

“ஏனுங்க டீச்சரம்மா, பாடஞ் சொல்லிக் குடுக்க வந்தீங்களா, ஊர்க் கதை பொறுக்க வந்தீங்களா?”

“சரித்திரம் எழுதச் சொன்னது இன்ஸ்பெக்டருங்க. கட்டினது உங்க அத்தை. அதைத்தான் எழுதியிருக்கேன்.”

அத்தை என்றதும் முகம் சுண்டிப்போயிற்று. “அந்தப் பொம்பளை எந்தச் சீமையில எவன்கூடச் சேந்து சம்பாரிச்சதோ யாருக்குங்க தெரியும்? அதோட புள்ளை பேரைக் கல்லுல வெட்டி நட்டா, நாளைக்கு யாரு இந்தப் புள்ளை, எங்க செத்துதுன்னு கேப்பாங்க. கப்பல்லன்னு சொல்லணும். ஏன் கப்பலுக்குப் போச்சுன்னு கேப்பாங்க. எங்க குடும்ப மானம் கப்பலேறிப் போயிருமுங்க!”

சொன்னது என்ன என்று அவருக்கே தெரியவில்லை. தன்னை மறந்து வந்த வார்த்தை. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் வீட்டு நடுக்கூடத்தில் நின்று, அவர் மனைவி எட்டிப் பார்க்க, வாய்விட்டுச் சிரித்தேன்.

“மானம் கப்பலேறி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சுங்களே. உங்கப்பா வாசல்ல நின்னு ஏத்தி அனுப்பிச்சதுதானே?” என்றேன்.

“வெளிய போங்க” என்றார். போனேன்.

நேரே அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். தலைத்துணியை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டே சொன்னாள்: “அந்த மானம் கப்பலேறித்தான் போச்சு அம்மிணி. நான்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். இங்கயே உட்டுப்போட்டுப் போயிருந்தா, சோறில்லாமச் செத்திருக்கும்.”

இன்ஸ்பெக்டரிடம் நடையாக நடந்தேன். கல்லில் குழந்தையின் பெயர்தான் வர வேண்டும், சரித்திரத்தை நீங்களே படித்தீர்கள் என்றேன். “ஊரை அனுசரித்துப் போகணும் அம்மா” என்றார். “நான் பேசிச் சரிபண்ணிவிடுகிறேன், கவலைப்படாதீர்கள்” என்றும் சொன்னார். அந்த வெண்ணெய்ப் பேச்சை நான் நம்பினேன். அவளும் என்னை நம்பினாள். பெயர் வந்துவிடும், வந்துவிடும் என்று அவள் கொட்டகைக்குப் போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாமக்கல்லில் கல்தச்சர் கல்லை முடித்துவிட்டதாகவும், அதை வண்டியில் கொண்டுவந்து இறக்கி, விழாவன்று திறப்பதற்காகத் துணி போர்த்திக் கிணற்று மேட்டில் நட்டாயிற்று என்றும் சொன்னார்கள். துணியைத் தொடக்கூடாது என்று காவலுக்கு ஆளும் போட்டிருந்தார் மணியக்காரர். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ஊர்க் கிணற்றுக் கல்லுக்கு எதற்குக் காவல்?

விழா நாள் வந்தது. வாழைமரம் கட்டி, தோரணம் கட்டி, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்திருந்தேன். இன்ஸ்பெக்டர் கோட்டும் தலைப்பாகையுமாக வந்து நாற்காலியில் அமர்ந்தார். மணியக்காரருக்கு நாற்காலி, கமிட்டிக்காரர்களுக்கு நாற்காலி. கட்டியவளுக்கு ஒரு முக்காலிகூட இல்லை. அவள் வெளுத்த சேலையும் புதுத் தலைத்துணியுமாக, கையில் செம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீரோடு வந்து நின்றாள். எதற்கு அந்தத் தண்ணீர் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு நான் செய்ததற்காகப் பிற்பாடு என்னை ஆத்தூர்ப் பக்கம் தூக்கியடித்தார்கள். ஆசிரியை லட்சணம் இல்லை என்று எழுதினார்களாம். எழுதட்டும். எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது.

இன்ஸ்பெக்டர் துணியை இழுத்தார். கை தட்டினார்கள். அவள் என் பக்கத்தில் வந்து, “படி அம்மிணி” என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

நான் படித்தேன். மனசுக்குள்தான் படித்தேன். இப்பள்ளிக்கூடமும் கிணறும் காலஞ்சென்ற மணியக்காரர் இன்னார் நினைவாக, அவர் குடும்பத்தார் உபயம். குழந்தையை எங்கேயாவது விட்டுவிட்டு வா என்று சொன்ன அந்த அண்ணனின் பெயர், பெரிய பெரிய எழுத்தில்! கல்தச்சர் பாவம், நல்ல வேலைக்காரர். அழகாக வெட்டியிருந்தார்.

“படி சாமி. எல்லாருங் கேக்கட்டும்.”

“அம்மா, புள்ளை பேரு இல்லைம்மா” என்றேன். “உங்க அண்ணன் பேரைப் போட்டிருக்காங்க. அவர் நினைவா அவர் குடும்பம் கட்டினதுன்னு போட்டிருக்காங்க.”

அவளுக்குப் புரிய நேரமானது. மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. அந்த வார்த்தைகளை இரண்டாவது தடவை என் வாயால் சொல்ல வைத்தார்களே, அதை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். பிறகு அவள் குனிந்தாள்.

கூட்டம் சட்டென்று விலகியது. வயிறெரிந்த பொம்பளை குனிந்து மண்ணை வாரித் தூற்றினால் அந்தக் குடும்பம் விளங்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்தார்கள். மணியக்காரர் நாற்காலி சாய எழுந்து நின்றார். அத்தையை அத்தை என்று கூப்பிடாத மனுஷனுக்கு அவள் கை மண்ணைக் கண்டு பயம்!

அவள் மண்ணைத் தொடவில்லை. செம்பைத்தான் கீழே வைத்தாள். நிமிர்ந்து, “என்ற புள்ளைக்குக் கொண்டாந்த தண்ணி. எங்கண்ணனுக்கு ஊத்த மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மணியக்காரர் பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன். நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “ம், ஆகட்டும், ஆகட்டும், கடவுள் வாழ்த்துப் பாடச் சொல்லுங்க” என்றார்.

அந்த “ஆகட்டும்” என்னை என்ன செய்ததோ தெரியாது. அவள் தூற்றாத மண்ணை நான் வாரினேன். இரண்டு கையாலும் வாரி, அந்தக் கல்லின் முகத்தில் வீசினேன். மண் தூற்றினால் சாபம் விட வேண்டும். நாசமாய்ப் போக என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அந்தக் குழந்தையின் பெயர். தறிக்கு மேலே பேசுகிற எங்கள் தெருத் தொண்டையில், ஊர்க் கோடி வரைக்கும் கேட்கும்படி வந்தது.

“என்னம்மா இது! என்ன இது!” என்று இன்ஸ்பெக்டர் பதறினார். நான் மறுபடி வாரினேன், மறுபடி கத்தினேன். அப்போதுதான் அது நடந்தது. வகுப்பில் நான் எதையாவது உரக்கச் சொல்லி நிறுத்தினால் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்ல வேண்டும். எழுத்தோ, வாய்ப்பாடோ, எல்லாப் பாடமும் அப்படித்தான் நடக்கும். வரிசையில் நின்ற பிள்ளைகள் அதைப் பாடம் என்றுதான் நினைத்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு, ஒரே குரலில், அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார்கள்.

“வாயை மூடுங்கடா! மூடுங்கடா!” என்று மணியக்காரர் கத்தினார். நான் மறுபடி சொன்னேன். பிள்ளைகள் இன்னும் உரக்கச் சொன்னார்கள். அவருடைய பேத்தியும் முதல் வரிசையில் நின்று சொன்னாள்.

வாசலைத் தாண்டிப்போன அவள் நின்றுவிட்டாள். திரும்பி வந்தாள். அந்தப் பெயரைத் தன் வாயைத் தவிர வேறு வாயில் அவள் கேட்டே எத்தனை காலம் ஆகியிருக்கும். பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. கீழே இருந்த செம்பை எடுத்து, கல்லின் பக்கம் திரும்பாமல், பிள்ளைகள் நின்ற இடத்து மண்ணில் அவர்கள் காலடியில் அந்தத் தண்ணீரை ஊற்றினாள்.

பிறகு என்னைப் பார்த்து, “இன்னொருக்காச் சொல்லச் சொல்லு அம்மிணி” என்றாள்.